முப்பத்தைந்தில் ஒரு பங்கு

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து மாலையில் கிளம்பி நள்ளிரவையொட்டித் திருவண்ணாமலையைத் தொடுகிற மெமு ரயில், 2024 மே மாதத்தில்தான் அந்த ஊர்வரை நீட்டிக்கப்பட்டது. அதுவரை வேலூர் கன்டோன்மென்டோடு நின்றுவிடும். அப்போது கட்டணம் 50 ரூபாய். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. கிரிவலம் போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலும் புளிசாதப் பொட்டலமும் மடித்த போர்வையுமாக ஏறுவார்கள். அப்படி ஒரு மாலையில், ஜன்னலோரம் மடியில் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார் மாடல் செய்கிறவர் ஒருவர். பெட்டியின் மூடியில் ஒரு டாங்கியின் படம்.

"இன்னா தம்பி அது, பொம்மையா?" என்றார் எதிரே இருந்த பாட்டி.

"டாங்கிம்மா. பட்டாளத்துல ஓட்டுவாங்களே, அது. உள்ள எல்லாம் துண்டு துண்டா இருக்கும். நாமதான் வெட்டி ஒட்டணும்."

"அண்ணாமலையார பாக்கப் போறப்ப இத்த எதுக்குத் தூக்கினு போற?"

கேள்வி நியாயமானது. டாங்கி மாடல் என்றாலே ஐரோப்பியப் பனிக்காட்டுச் சமாச்சாரம் என்று நினைத்துப் பழகியாகிவிட்டது. கடைகளில் கண்ணில் படுபவையும் பெரும்பாலும் ஜெர்மனியின் டைகர், அமெரிக்காவின் ஷெர்மன், ரஷ்யாவின் டி-34. ஆனால் பாட்டிக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்த ரயில் போகிற பாதை நெடுகக் கிடக்கிறது.

முதல் பதில் ஆவடியில். கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே 1961ல் நிறுவப்பட்டது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி உருவான விஜயந்தா, 105 மில்லிமீட்டர் பீரங்கியும் ஏறத்தாழ 39 டன் எடையும் கொண்ட டாங்கி. 1965 இறுதியில் முதல் வண்டி ஆவடியிலிருந்து வெளியே வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போர் முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விஜயந்தாக்கள் அங்கே உருவாயின. அடுத்து டி-72 அஜேயா. 2009 ஆகஸ்டில் முதல் பத்து டி-90 பீஷ்மா. டாங்கி வடிவமைப்புக்கான ஆராய்ச்சி நிறுவனமும் ஆவடியில்தான் இருக்கிறது; 1974ல் தொடங்கிய அர்ஜுன் திட்டம் அதனுடையது. அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கியை 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் தரைப்படைத் தளபதியிடம் ஒப்படைத்தார். இந்தியாவின் கவசப்படை பெரும்பாலும் ஓட்டிக்கொண்டிருப்பது சென்னைப் புறநகரில் திருகி முடுக்கிய வண்டிகளைத்தான். ஆவடி நிலையத்தில் ஏறி இறங்குகிற கூட்டத்தில் அங்கே வெல்டிங் வைத்தவர்களும் டரட் எனப்படும் சுழலும் மேல்கூட்டைப் பொருத்தியவர்களும் எத்தனை பேரோ.

அப்படியிருக்க, பெட்டிக்குள் இருப்பது விஜயந்தா அல்ல, செஞ்சுரியன். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் உருவாகி, அந்தப் போரைச் சரியாகப் பார்க்காமலேயே போய், கொரியாவிலும் பஞ்சாபிலும் பெயர் வாங்கிய டாங்கி. 1965லும் 1971லும் இந்தியப் படையின் முதன்மையான போர் டாங்கிகளில் அது ஒன்று. டாமியா, ஏஎஃப்வி கிளப் போன்ற நிறுவனங்கள் செஞ்சுரியனை 1/35 அளவில் வெளியிட்டிருக்கின்றன. பெட்டிக்குள் இருப்பது பிரிட்டிஷ் வண்டி. அதை இந்திய வண்டியாக மாற்றுவது செய்கிறவரின் வேலை.

அது என்ன 1/35? மாடல் உலகில் நுழைகிற எவரும் கேட்கிற கேள்வி. விமானத்துக்கு 1/72, 1/48 என்று வகுபடும் எண்கள் இருக்க, டாங்கிக்கு மட்டும் இந்த முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது? ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1961ல் ஜெர்மன் பாந்தர் டாங்கியின் மாடலைச் செய்தது. மோட்டார் வைத்து ஓடுகிற மாடல் அது. உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டும். பேட்டரிக்கு இடம் விட்டு உடலை வரைந்தார்கள். பிறகு அளந்து பார்த்தபோது அது நிஜ வண்டியின் முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. அந்த மாடல் விற்றுத் தீர்ந்தது. அடுத்த டாங்கியும் அதே அளவில் வந்தது, அதற்கடுத்ததும். பேட்டரிப் பெட்டி தீர்மானித்த ஒரு எண் உலகத்துக்கே அளவாகிவிட்டது.

ஷிசுவோகாவின் கதையில் திருவண்ணாமலைக்குப் போகிறவருக்கு வேறொரு சேதியும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே கோட்டை கட்டவும் செங்கென் கோயிலைப் புதுப்பிக்கவும் தேசமெங்குமிருந்து தச்சர்களும் அரக்குப் பூச்சுக்காரர்களும் மரச்சிற்பிகளும் வரவழைக்கப்பட்டார்கள். வேலை முடிந்ததும் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் வழியில் வளர்ந்த மரவேலைத் தொழில்தான் பின்னாளில் மர விமான மாடல்களாகவும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளாஸ்டிக் மாடல்களாகவும் மாறியது. டாமியாவே 1946ல் மர வியாபாரமாகத் தொடங்கிய நிறுவனம். 1960ல்தான் முதல் பிளாஸ்டிக் மாடலை வெளியிட்டது. டாமியா, ஹசேகாவா, அவோஷிமா, ஃபுஜிமி என்று ஜப்பானின் பெரிய மாடல் நிறுவனங்கள் அந்த ஒரே ஊரைச் சுற்றி இருப்பதற்கு வேர் ஒரு கோயில் திருப்பணியில் இருக்கிறது. கோயிலுக்காகப் பழகிய கை நானூறு வருஷம் கழித்து எங்கே போய் நிற்கும் என்பதை யார் முன்கூட்டிச் சொல்ல முடியும்?

அரக்கோணம் தாண்டியதும் சோளிங்கர் நிலையம் வருகிறது. ஊர் தள்ளி இருக்கிறது. நரசிம்மர் மலைக்குப் போகிறவர்கள் இறங்குகிறார்கள். 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதியது இந்தப் பக்கத்தில். இரண்டாம் மைசூர்ப் போர்க் காலத்திலேயே களத்தில் இருந்த சென்னை மாகாணக் குதிரைப்படை ஒன்று, பெயரும் எண்ணும் பலமுறை மாறி, இன்று 16வது லைட் கேவல்ரி என்ற கவசப்படை ரெஜிமெண்டாக இருக்கிறது. அதன் தொடக்கத்தை 1776 என்று கணக்கிடுகிறார்கள். இந்தியக் கவசப்படைகளில் மிகப் பழையது. தென்னிந்தியர்கள் சேர்கிற ரெஜிமெண்ட் அது.

குதிரையை விட்டு அது இரும்புக்கு மாறியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். கவச கார்களோடு பர்மாவுக்குப் போய் மெய்க்டிலாவிலிருந்து ரங்கூன் பாதை வரை போரிட்டது. அப்போது அதற்குத் தலைமை தாங்கிய ஜே.என். சௌத்ரிதான் 1965ல் இந்தியத் தரைப்படையின் தளபதி. அந்தப் போரில் 16வது கேவல்ரி ஓட்டியது செஞ்சுரியன். சியால்கோட் பகுதியில் இந்தியாவின் முதல் கவச டிவிஷன் எல்லை தாண்டிய செப்டம்பர் 8 அன்று, கட்கோர் கிராமத்தையொட்டி பாகிஸ்தானின் 25வது கேவல்ரியை எதிர்கொண்டது அந்த ரெஜிமெண்ட். எதிரில் அமெரிக்க பாட்டன் டாங்கிகள். 90 மில்லிமீட்டர் பீரங்கியும் நுட்பமான தொலைவளக்கும் கருவியும் கொண்ட புதிய வண்டி பாட்டன். செஞ்சுரியனின் பீரங்கி 84 மில்லிமீட்டர், குறிபார்க்கும் முறையும் எளியது. அன்றைக்கு இழப்பு சிறியதல்ல. மூன்று நாள் கழித்து பில்லோரா இந்தியப் படையிடம் வீழ்ந்தது. செப்டம்பர் 16 அன்று, முன்பே காயம்பட்டும் களத்தை விட்டுப் போக மறுத்த பூனா ஹார்ஸ் ரெஜிமெண்டின் தளபதி லெப்டினன்ட் கர்னல் தாராபூர் இறந்தார். அவருக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது.

மாடல் செய்கிறவர் தேர்ந்தெடுத்தது அந்த முதல் நாளை. வென்ற நாள் எதையாவது எடுத்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டதுண்டு. ஒரு படை முதன்முதலாகத் தன் டாங்கியை எதிரியின் டாங்கிக்கு முன் கொண்டு நிறுத்திய நாளுக்கு மரியாதை வேறு என்பது அவர் எண்ணம். அது சரியென்றே தோன்றுகிறது.

காட்பாடி, வேலூர் கன்டோன்மென்ட். பெயரிலேயே பட்டாளம். அதைத் தாண்டி ரயில் தெற்கே திரும்பினால் கணியம்பாடி. அதையொட்டிய கம்மவான்பேட்டைக்குச் சுற்றுவட்டாரத்தில் ராணுவப்பேட்டை என்றே பெயர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்தவர் அல்லது இருக்கிறவர் என்று சொல்லும்படி, தலைமுறை தலைமுறையாக ஆள் அனுப்பிய ஊர். ரயில் இருட்டில் அதைக் கடக்கிறது. கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர், பிறகு திருவண்ணாமலை.

விடிந்ததும் ஊர் தன் அளவைக் காட்டுகிறது. எதைப் பார்த்தாலும் முப்பத்தைந்தால் வகுத்துப் பார்க்கிற பழக்கம் மாடல் செய்கிறவர்களுக்கு உண்டு. கிழக்கு ராஜகோபுரம் 217 அடி, பதினோரு நிலை. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. 1/35 அளவில் அது ஆறடிக்குச் சற்று மேல், உயரமான ஒரு மனிதனின் உயரம். 2,668 அடி மலை 76 அடியாகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை 400 மீட்டராகிறது. ஓட்டப்பந்தய மைதானத்தை ஒருமுறை சுற்றிவரும் தூரம். அந்தப் பாதையில் நிற்கும் செஞ்சுரியன் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் நீளமும், பத்துக்குச் சற்றுக் குறைந்த அகலமுமாக, இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும்.

நீளம் முப்பத்தைந்தில் ஒரு பங்கானால் எடை அப்படிக் குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றுமே சுருங்குவதால் எடையை 42,875ஆல் வகுக்க வேண்டும். 51 டன் செஞ்சுரியனை எஃகிலேயே அதே விகிதத்தில் செய்தால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ வரும். பிளாஸ்டிக்கில் அதுவும் இராது, ஊதினால் நகர்ந்துவிடும். ஐம்பத்தோரு டன் இரும்பு மண்ணில் நிற்கிறது என்று பார்க்கிறவர் நம்ப வேண்டும். இந்தக் கலையின் கடினம் அங்கேதான். சங்கிலிப் பட்டை சக்கரங்களுக்கு இடையே சற்றே தொய்ந்து கிடக்க வேண்டும். மண் பட்டைக்குக் கீழே அமுங்கி, ஓரத்தில் பிதுங்கியிருக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் வண்டியை அருமையாக முடித்துவிட்டு, தட்டையான பலகையில் வைத்துவிடுவார்கள், பாரம் போய்விடும்.

பாரம் என்றால் திருவண்ணாமலைக்குத் தெரியும். கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதிகளில் ஐந்து தேர் ஓடுகிறது. பிள்ளையார், முருகன், அண்ணாமலையாரின் மகா ரதம், அம்மன், சண்டிகேசுவரர். அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பார்கள். சண்டிகேசுவரர் தேர் சிறுவர்களுக்கு. மகா ரதத்தை இரும்புச் சங்கிலி பிடித்து இழுக்கிற கூட்டத்துக்குக் கணக்கில்லை. கூட்டம் தேரை முன்னே இழுக்கத்தான் முடியும். திருப்புவது சக்கரத்துக்கடியில் குனிந்து நிற்கிற சிலரின் கையில். முட்டுக்கட்டையைச் சாய்வாக ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முந்தும், தேரின் முகம் திரும்பும். கட்டையைச் செருகவும் உருவவும் கண நேரம்தான். டாங்கியிலும் காரைப் போல முன்சக்கரங்கள் திரும்புவதில்லை. ஒரு பக்கச் சங்கிலிப் பட்டையின் வேகத்தைக் குறைத்து மறுபக்கத்தைக் கூட்டித்தான் அதைத் திருப்ப வேண்டும். செஞ்சுரியனில் அதைச் செய்தது மெரிட்-பிரவுன் கியர்பாக்ஸ். இரண்டும் ஒரே இயக்கவியல். தேர் முட்டுக்கட்டை போடுகிற ஒருவரிடம் டாங்கியைப் பற்றிச் சொன்னால், பாதிப் பேச்சிலேயே மீதியை அவர் சொல்லிவிடுவார்.

ஊரின் இன்னொரு பழைய நினைவைத் தேரடி வீதியில் யாரும் அதிகம் பேசுவதில்லை. அண்ணாமலையார் கோயிலின் உயர்ந்த மதில்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் பலமுறை கோட்டையாகப் பயன்பட்டன. 1767 செப்டம்பர் 3 அன்று செங்கம் கணவாயில் ஹைதர் அலி, நிஜாம் கூட்டுப்படையோடு மோதிய கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படை பின்வாங்கி இங்கே வந்தது. அதே மாதம் 25ஆம் தேதி திருவண்ணாமலையை ஒட்டி மறுபடி பெரிய சண்டை நடந்தது. முதல் மைசூர்ப் போரின் முக்கியமான சண்டைகளில் அது ஒன்று. இன்றைக்குக் கிரிவலக் கூட்டம் நடக்கிற திசைகளில் அன்று குதிரைகளும் பீரங்கி மாடுகளும் நகர்ந்தன.

கோயிலை ஒட்டிய விடுதி அறையில் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு வேலை தொடங்குகிறது. பெட்டியைத் திறந்தால், பாகங்கள் சட்டத்தில் கொடியில் காய்த்தது போல எண்ணோடு தொங்குகின்றன. எஃகு அச்சுக்குள் உருகிய பாலிஸ்டைரீன் ஓடிவந்த வழிதான் அந்தச் சட்டம். நிப்பரால் பாகத்தை ஒட்ட வெட்டக் கூடாது. சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முதலில் 400 எண் தாள், பிறகு 600, கடைசியில் 1000. பசை என்று சொன்னாலும் அது ஒட்டுவதில்லை. இரண்டு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்குகிறது. காய்ந்தபின் பிரிக்க முடியாது. பழைய கிட்களில் பீரங்கிக் குழல் இரண்டு பாதியாகத்தான் வரும். அந்தப் பொருத்துக்கோடு தெரிந்தால் எல்லாம் வீண். பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பட்டி பார்த்து, குழல் மறுபடியும் ஒரே உருளையாகும்வரை விடக் கூடாது.

செஞ்சுரியனுக்கு ஒரு பக்கத்துக்கு ஆறு சக்கரம். இரண்டிரண்டாக மூன்று ஹார்ஸ்ட்மன் சஸ்பென்ஷன் தொகுதிகளில் மாட்டியிருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் கிடைமட்டமான சுருள்வில் உண்டு. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறினால் அதன் இணை எப்படி நடந்துகொள்ளும் என்பது படத்தைப் பார்த்தால் புரியாது. கையால் பொருத்தும்போது புரிகிறது. டரட்டின் பெரும்பகுதி வார்ப்பு எஃகு. நிஜத்தில் தொட்டால் சொரசொரவென்றிருக்கும். பிளாஸ்டிக்கிலோ வழவழ. பட்டியை நீர்க்கக் கரைத்து, தேய்ந்த பிரஷ்ஷால் குத்திக் குத்தி அந்தச் சொரசொரப்பைக் கொண்டுவர வேண்டும். தகட்டை வெட்டி வெல்டிங் வைத்த இடங்களில் அது கூடாது. எது வார்ப்பு, எது தகடு என்று தெரியாமல் செய்தவரின் டாங்கியை ஆவடித் தொழிலாளி ஒருவர் பார்த்தால் அரை நொடியில் சொல்லிவிடுவார்.

வண்ணத்திலும் ஒரு நுணுக்கம். நிஜ டாங்கியின் பச்சையை அப்படியே மாடலுக்கு அடித்தால் கறுத்துத் தெரியும். 22 சென்டிமீட்டர் வண்டியைக் கையளவு தூரத்தில் பார்ப்பது, நிஜ வண்டியை இருபது மீட்டருக்கும் அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். இடையிலிருக்கிற காற்றும் வெளிச்சமும் நிறத்தை வெளுக்க வைக்கும். அதனால் பச்சையில் சற்று வெளிர் கலந்து அடிப்பார்கள். அதன்மேல் நீர்த்த கருஞ்சாயம் இடுக்குகளில் ஓடும். கடைசியில் புழுதி.

புழுதிக்காக விடுதி வாசலில் மண் அள்ளிவிடலாம். சலித்து, காயவைத்து, பிரஷ்ஷால் தூவினால் அருமையாகத்தான் இருக்கும். ஆனால் அது செம்மண். சியால்கோட் பக்கம் ஆறுகள் கொண்டுவந்து போட்ட வண்டல், வெளிறிய சாம்பல் கலந்த பழுப்பு. கட்கோரில் நின்ற செஞ்சுரியன்மேல் திருவண்ணாமலைப் புழுதி படிந்திருக்க வழியே இல்லை. ஜன்னலுக்கு வெளியே இத்தனை மண் கிடக்க, அவர் ஒரு சிட்டிகைகூட எடுக்கவில்லை. இந்த வேலையில் நேர்மை என்பது இவ்வளவு சின்ன விஷயம்.

பசை காய்கிற நேரத்தில் செங்கம் பஸ் ஏறலாம். சாலைக்கு இருபுறமும் கரடுகளும் மானாவாரிக் காடும். சங்க காலத்தில் செங்கண்மா என்று பெயர் பெற்று நன்னன் ஆண்ட நாடு இது. அவனிடம் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் மலைபடுகடாம், அந்த வழியில் எழுத்துப் பொறித்த நடுகற்கள் நிற்பதையும் சொல்கிறது. அது வெறும் இலக்கிய வழக்கு இல்லை என்பதைத் தமிழகத் தொல்லியல் துறை 1972ல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுதி காட்டியது. செங்கம், தண்டராம்பட்டு வட்டாரத்தில் ஆறாம் நூற்றாண்டிலிருந்தே வட்டெழுத்துப் பொறித்த கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. இன்றும் பல ஊர்களில் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெய் வைத்து, மாலை போட்டு, பொங்கல் வைக்கிறார்கள். கல்லில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை; ஆனாலும் வீரன் மறக்கப்படவில்லை.

அவற்றில் எடத்தனூர்க் கல் நாடெங்கும் தெரிந்தது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34வது ஆட்சி ஆண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் மடிந்தான். அவனுடைய நாய் கோவிவன் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது. இவ்வளவையும் கல் சொல்கிறது. வீரனோடு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து வாசிக்கிறவருக்கு அந்தச் சண்டையின் வீரம் எவ்வளவு பெரிது என்பதைவிட அதன் துல்லியம்தான் நெஞ்சைத் தொடுகிறது. எந்த அரசன், எத்தனையாவது ஆண்டு, யார், எதற்காக, கூட இருந்தது யார், நாயின் பெயர் என்ன, அது கடித்தது எத்தனை பேரை.

மாடல் செய்கிறவர்களில் தேர்ந்தவர்கள் செய்வதும் இதைத்தான். 'ஒரு செஞ்சுரியன்' என்று அவர்கள் செய்வதில்லை. 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றுப் பக்கம் நின்ற 'ஃபமகுஸ்தா' என்ற செஞ்சுரியனைச் செய்வார்கள். பூனா ஹார்ஸின் இருபத்தோரு வயது இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால், தீப்பிடித்த பின்னும் விட்டிறங்க மறுத்து உயிர் கொடுத்த வண்டி அது. அவருக்கும் பரம் வீர் சக்ரா. அல்லது 1944ல் கோஹிமா மலைச்சரிவில் சறுக்கி நின்று, இன்றும் அங்கேயே இருக்கிற லீ டாங்கியைச் செய்வார்கள். வண்டி, நாள், இடம், ஆள் நான்கும் கிடைத்தால்தான் கத்தியை எடுப்பார்கள். அவை இல்லாத மாடல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கடை அலமாரிச் சாமான்தான். திருவண்ணாமலைச் சீமையில் கல் செதுக்கியவர்கள் இந்த விதியைப் பல்லவர் காலத்திலேயே வைத்திருந்தார்கள்.

பெரிய டாங்கிகளுக்கு இடம் இருக்கிறது. அகமதுநகரில் 1994 முதல் கவசப்படை அருங்காட்சியகம் இயங்குகிறது. முதல் உலகப் போர்க் காலக் கவச கார் தொடங்கி, பிடிபட்ட பாட்டன் வரை ஏறக்குறைய ஐம்பது வண்டிகள் அங்கே நிற்கின்றன. அளவெடுக்கவும் படம் பிடிக்கவும் இந்தியாவில் அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் டாங்கி செய்கிற மாநிலத்துப் பிள்ளைகள் அதைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது. சின்ன டாங்கிகளையோ இங்கேயே செய்யலாம். திருவண்ணாமலைக்குத் தெற்கே கள்ளக்குறிச்சி இருக்கிறது. அங்கத்திய மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி வாகனமும் கதவும் தேர்ப்பலகையும் செதுக்குகிற அந்தக் கைகளிடம் விஜயந்தாவின் வரைபடத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். ஷிசுவோகாவில் மரத்தில் தொடங்கியது இங்கே தொடங்கக் கூடாதா? ஆவடிப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் அந்த ஊர் செய்த டாங்கி 1/35 அளவில், வண்டி எண்ணும் ரெஜிமெண்டின் பெயருமாக ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

வரைபடங்களை எங்கிருந்தாவது தேடி எடுத்துவிடலாம். ஆட்களுக்கு அவகாசம் இல்லை. 1965 செப்டம்பரில் இருபது வயதில் செஞ்சுரியன் ஓட்டியவருக்கு இன்றைக்கு எண்பதுக்கு மேல். பீரங்கிக் குண்டை ஏற்றி வயர்லெஸ்ஸும் பார்த்தவருக்கும் அதே வயது. ரெஜிமெண்ட் வரலாற்றில் போரின் போக்கு இருக்கும். தளபதிகளின் பெயர் இருக்கும். தண்ணீர் கேனை எந்தப் பக்கம் கட்டினார்கள், உபரிச் சங்கிலிக் கண்ணியை எங்கே மாட்டினார்கள், எல்லை தாண்டுமுன் பச்சைக்கு மேல் சேறு பூசினார்களா, டரட்டில் யாராவது சாமி பெயர் எழுதியிருந்தார்களா என்பதெல்லாம் அங்கே இராது. அவர்களைக் கேட்டால்தான் உண்டு.

அதனால் மாடல் செய்கிறவர் அதிகாலை ரயிலுக்கு எடுத்த டிக்கெட் சென்னைக்கு அல்ல, கணியம்பாடிக்கு. பெட்டிக்குள் அடித்தளமும் டரட்டும் பஞ்சில் சுற்றித் தனித்தனியாக இருக்கின்றன. பச்சை வண்ணம் ஒரு பூச்சு ஏறியிருக்கிறது. எண்ணும் குறியும் எழுதவில்லை. நோட்டுப் புத்தகத்தில் கேள்விகள் வரிசையாக இருக்கின்றன. செஞ்சுரியனுக்குள் நான்கு பேர்: கமாண்டர், கன்னர், லோடர், டிரைவர். அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் அந்த நாலு இடத்தில் எதிலாவது உட்கார்ந்திருந்தாரா என்பது முதல் கேள்வி. அவர் வண்டிக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பது இரண்டாவது.